துள்ளும் வண்டு

மர வண்டைத் திருப்பிப் பார்த்தேன். வயிற்றில் குழி மட்டும் இருந்தது. காந்தம் இல்லை.

அடுத்த வண்டையும் திருப்பினேன். அதிலும் இல்லை.

குடும்பத்தோடு ஆடும் பலகை விளையாட்டுகளும் சீட்டு விளையாட்டுகளும் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில், சோதனை அறையில் நான் வேலை பார்க்கிறேன். காய்களை இழுத்துப் பார்ப்பேன். உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பேன். குழந்தையின் தொண்டை அளவுள்ள ஒரு குழாய்க்குள் நுழைகிறதா என்று பார்ப்பேன். வாயைத் திறக்காமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம். எனக்கு ஏற்ற வேலை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது ஆட்டத்தின் விதித்தாளை அச்சுக்கு அனுப்பும் முன்பு, யாராவது ஒரு குடும்பம் அதைத் தங்கள் வீட்டில் ஆடிப் பார்க்க வேண்டும். வீட்டாட்டம் என்போம். நாங்கள் ஓரமாக உட்கார்ந்து எங்கே சண்டை வருகிறது என்று மட்டும் கவனிப்போம். சண்டை வருகிற இடத்தில் விதி சரியில்லை என்று பொருள். மாதிரிப் பெட்டி கையால் ஒட்டியது, இழுவைச் சோதனைக்குப் போகாதது. அதனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் அறையில் அதைத் திறக்கக் கூடாது.

அக்கா வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தான். ஒன்றரை வயது. உருண்டையாக இருப்பதால் எல்லோருக்கும் அவன் பந்து. அந்த ஞாயிறு மாலை அத்தான் அவனைப் பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் நான் பெட்டியைத் திறந்தேன்.

ஆட்டத்தின் பெயர் துள்ளும் வண்டு. இரும்புத் தகட்டில் வரைந்த ஒரு தோட்டம். அதன்மேல் மர வண்டுகள். ஒவ்வொரு வண்டின் அடியிலும் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய காந்தம் ஒன்று. பாதி வண்டுகளுக்குக் காந்தம் நேராகவும் மீதிக்குத் தலைகீழாகவும் ஒட்டியிருக்கும். உங்கள் வண்டை இன்னொன்றின் பக்கத்தில் தள்ளினால் அது வந்து ஒட்டிக்கொள்ளலாம், அல்லது துள்ளி ஓடலாம். கிட்டே போகும்வரை தெரியாது. ஒட்டினால் உங்களுக்கு.

அக்காவோடு ஆடிய வக்கீல் வண்டுகளை வரிசையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் அக்காவின் மகள், எட்டு வயது. எந்த ஆட்டமானாலும் முதலில் விதித்தாளைப் படித்துவிட்டு, அதில் எழுதாததைச் செய்வாள். கேட்டால் "செய்யக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?" என்பாள். வீட்டாட்டத்துக்கு இவளைவிட நல்ல ஆள் கிடைக்காது.

பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. அத்தானும் பந்தும் நனைந்துகொண்டே திரும்பி வந்தார்கள்.

"பெட்டிய மூடிடலாம்" என்றேன்.

"இன்னும் ரெண்டே சுத்து சித்தி. நான் ஜெயிக்கிறது உங்களுக்குப் பொறுக்கலையா?"

"எப்படிடீ உனக்கு மட்டும் எல்லாம் ஒட்டுது?" என்றார் அத்தான், தலையைத் துவட்டிக்கொண்டே. "அழுகுணி ஆட்டமா?"

"தோத்தவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க."

"நான் இன்னும் ஆடவே இல்லையே."

"ஆடினா தோப்பீங்க."

அக்கா பந்துக்கு உலர்ந்த சட்டை எடுக்க உள்ளே போனாள். அத்தான் ஈர உடுப்பை மாற்றப் போனார். எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஒரு தம்ளர் குடிக்கிற நேரம்தான். திரும்பி வந்தபோது பந்து மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தான். வக்கீல் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றிருந்தாள்.

"போதும். நான் ஆடலை."

ஜெயித்துக்கொண்டிருந்தவள். எனக்கு அது விநோதமாகப் பட்டது. ஆனாலும் பந்து இருந்ததால் நல்லதாயிற்று என்று வண்டுகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன். அடுக்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது என் கைப்பழக்கம்.

பத்தில் இருந்தது. இரண்டில் இல்லை.

"எல்லாரும் கையைத் திறந்து காட்டுங்க" என்றேன், உள்ளேயிருந்து வந்த அக்காவையும் அத்தானையும் சேர்த்துப் பார்த்து. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பாக்கெட்டையும்."

"என்னது, சுங்கச் சோதனையா?" அத்தான் சிரித்துக்கொண்டே பையை வெளியே இழுத்துக் காட்டினார். சாவி, ஈரக் கைக்குட்டை. அக்கா வெறும் கையைக் காட்டினாள். வக்கீல் என் பக்கம் முதுகைக் காட்டி ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள். காலி. அவளுடைய கவுனில் பை கிடையாது.

நான் மண்டியிட்டு மேசைக்கடியில் புகுந்தேன். பந்து உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தான். விரலை விட்டு அவன் வாயைத் துழாவினேன். குட்டிக் குட்டிப் பற்கள், ஈர நாக்கு, வேறொன்றும் இல்லை. என் விரலைக் கடித்தான்.

"என்னடீ ஆச்சு? சொல்லித் தொலையேன்" என்றாள் அக்கா.

பெட்டிகளின் அடியில் சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்குமே, அதை யாரும் படிப்பதில்லை. நான் படித்திருக்கிறேன். அந்த எழுத்தின் அளவைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் அதுவாக வெளியே வந்துவிடும். இரண்டை விழுங்கினால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் இன்னொரு மடிப்பில் ஒன்றுமாக நின்று ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய குடல் நசுங்கி ஓட்டையாகும். வெளியிலிருந்து பார்த்தால் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும்.

இதை நான் எப்படியோ சொல்லி முடித்தேன். அத்தானின் சிரிப்பு நின்றது.

வீட்டைத் தலைகீழாக்கினோம். காந்தம் இரும்பைத் தேடிப் போய் ஒட்டும். மேசைக்கால், அலமாரிக் கதவு, நாற்காலித் திருகு, தையல் இயந்திரம் எல்லாம் தடவினோம். அத்தான் ஒரு கரண்டியைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டே போனார். ஒரு குண்டூசி மாட்டியது. அவ்வளவுதான். வக்கீல் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கைபேசியில் திசைகாட்டி இருந்தது. காந்தம் பக்கத்தில் வந்தால் முள் திரும்பும். "அவன் சட்டையைக் கழட்டு அக்கா" என்றேன். கழற்றினாள். பந்தின் மேல் இரும்பு என்று எதுவும் இல்லை. நடுக்கூடத்தில் அவனைப் பாயில் படுக்க வைத்து, கைபேசியை அவன் மார்பிலிருந்து மெல்லக் கீழே கொண்டுவந்தேன்.

முள் வடக்கைக் காட்டியது. தொப்புளுக்கு மேலே வந்ததும் அசைந்தது. விலக்கினேன், வடக்குக்குப் போனது. கிட்டே கொண்டுவந்தேன், அவன் பக்கம் திரும்பியது.

பந்துக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். கெக்கெக்கே என்று சிரித்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்சியில் யாரும் பேசவில்லை. பந்து பசியில் அழுதான். அக்கா பால் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வக்கீல் ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். "பயப்படாதே கண்ணு" என்று அத்தான் அவள் தலையைத் தொட்டார். அவள் திரும்பவில்லை.

மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். பந்து திமிறிக்கொண்டே இருந்ததால் பக்கவாட்டில் எடுத்த படம் கலங்கிப்போனது. டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்த பெண்மணி. இரைப்பை இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"எத்தனை காணோம்?"

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டும் உள்ள போயிருக்கா?"

"வீடு பூரா தேடிட்டோம் டாக்டர். இல்லை."

"படத்துல ஒண்ணுதான் தெரியுது. ஆனா ரெண்டும் ஒட்டிக்கிட்டா இப்படித்தான் ஒண்ணாத் தெரியும். ஒண்ணுன்னு தெரிஞ்சா நான் கை வைக்க மாட்டேன், தானா வந்துரும். ரெண்டுன்னா இப்பவே எடுத்தாகணும். இரைப்பைல இருக்கிற வரைக்கும் வாய் வழியா குழாய் விட்டு எடுக்கலாம். குடலுக்கு இறங்கிட்டா வயித்தைத் திறக்கணும்." அவர் அக்காவைப் பார்த்தார். "கடைசியா எப்போ சாப்பிட்டான்?"

"இப்பதான். வர்ற வழியில பால் குடுத்தேன். அழுதான்னு..."

டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "வயிறு நிறைஞ்சிருக்கும்போது மயக்க மருந்து குடுத்தா பால் மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடலாம். சின்ன உடம்பு. அது நல்லதில்லை. ஆனா காத்திருந்தா இதுங்க இறங்கிடும். ரெண்டுல எது மோசம்னு பார்த்தா..." முடிக்கவில்லை. "கையெழுத்து போடுங்க. ஆளுங்களைத் தயார் பண்ணச் சொல்றேன்."

அத்தானால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. அக்கா வாங்கிப் போட்டாள்.

பந்தைத் தூக்கிக்கொண்டு அக்காவும் அத்தானும் தாதியின் பின்னால் போனார்கள். என்னையும் வக்கீலையும் வெளியே நடைவழியில் விட்டுவிட்டார்கள். நீளமான இரும்பு பெஞ்சு. நான் உட்கார்ந்தேன். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்தாள்.

கைபேசி இன்னும் கையில் இருந்தது. திசைகாட்டியை மூடாமலே வந்திருந்தேன். முள் கன்னாபின்னாவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பெஞ்சு இரும்பு, அதனால் இருக்கும் என்று எழுந்தேன். நடைவழியின் நடுவில் நின்றதும் முள் அடங்கியது. வக்கீலும் எழுந்து என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தாள். முள் அவள் பக்கம் திரும்பியது.

இரண்டடி நகர்ந்தேன். வடக்கு. அவள் என்னோடு நகர்ந்தாள். மறுபடி அவள் பக்கம்.

கைபேசியை அவள் இடுப்பருகே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. தோள். லேசாக. முகத்துக்கு அருகே போனதும் முள் சடக்கென்று திரும்பி நின்றது.

அப்போதுதான் உறைத்தது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வாயாடி.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கன்னம் ஒரு பொட்டு உப்பியிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் தொண்டை ஒருமுறை அசைந்தது.

நான் கத்தவில்லை. கத்தினால் விழுங்கிவிடுவாள். விழுங்கினால் பந்தின் வயிற்றில் ஒன்றா இரண்டா என்று சொல்ல யாருமில்லை. ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டாலும் விழுங்குவாள். மெதுவாக மண்டியிட்டேன். அவள் உயரத்துக்கு வந்தேன்.

"பேசாதே" என்றேன். "நம்ம ஆமா-இல்லை ஆட்டம் ஆடலாம். நான் கேப்பேன். ஆமான்னா கண்ணை ஒரு தடவை மூடு. இல்லைன்னா சும்மா இரு."

அது நாங்கள் மழை நாட்களில் ஆடும் ஆட்டம். ஒருத்தர் ஒரு பொருளை நினைத்துக்கொள்வார், மற்றவர் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிப்பார். என்ன செய்கிறேன் என்று யோசித்துச் செய்யவில்லை. எனக்கு வேறு பேச்சு வரவில்லை.

"வாயில இருக்கா?"

கண்ணை மூடினாள்.

"ஒண்ணா?"

மூடினாள்.

"நீதான் வண்டுலேர்ந்து எடுத்தியா?"

வெகுநேரம் அப்படியே பார்த்தாள். மூடினாள். இமையோரத்தில் கண்ணீர் வழிந்தது.

"கை காட்டச் சொன்னேனே, அப்போ வாய்ல போட்டுக்கிட்டியா?"

மூடினாள்.

உள்ளேயிருந்து ஒரு தள்ளுவண்டி கதவை இடித்துக்கொண்டு வெளியே வந்தது. தட்டுகள் கடகடவென்று ஆடின. வக்கீல் துள்ளினாள். கை தொண்டைக்குப் போனது. நான் நகரவில்லை. அவள் கன்னத்தையே பார்த்தேன். உப்பல் இன்னும் இருந்தது.

என் உள்ளங்கையைக் குழித்து அவள் மோவாய்க்கடியில் நீட்டினேன். இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டேன்.

"இதை நீ துப்பிட்டா தம்பிக்குக் குழாய் வேண்டாம். மயக்க மருந்து வேண்டாம். நிஜமா. அடி கிடையாது, திட்டு கிடையாது. தலையைக் குனி. நாக்கால தள்ளு. அவ்வளவுதான்."

அவள் குனிந்தாள். வாய் திறந்தது. எச்சிலோடு அது வழுக்கி வந்து என் கையில் விழுந்தது. சின்னது, பளபளவென்று. நான் விரலை மூடுவதற்குள் என் கைக்கடிகாரத்துக்குத் தாவி டிக்கென்று ஒட்டிக்கொண்டது.

ஓடினேன். உள்ளே வரக் கூடாது என்று எழுதியிருந்த கதவை இரண்டு கைகளாலும் தட்டினேன். வாழ்க்கையில் நான் ஒரு கதவையும் அப்படித் தட்டியதில்லை. தாதி திறந்து திட்டத் தொடங்கினாள். அவள் தோளுக்கு மேலே பார்த்து "டாக்டர்! ஒண்ணுதான்! உள்ள ஒண்ணுதான்!" என்று கத்தினேன்.

டாக்டர் கையுறையோடு வந்தார். பின்னால் அத்தானும் அக்காவும். என் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, எனக்குப் பின்னால் வந்து நின்ற வக்கீலைப் பார்த்தார்.

"நீ எத்தனை எடுத்தே?"

"ரெண்டு." குரல் கரகரத்தது. "திருப்பி ஒட்டலாம்னு எடுத்தேன். அப்ப எல்லா வண்டும் வந்து ஒட்டும். ஒண்ணு கையிலேர்ந்து கீழ விழுந்துடுச்சு."

"வேற எதையும் எடுக்கலையே?"

"அதுக்கு முன்னாடி ரெண்டை எடுத்துத் திருப்பி, அதுலயே அமுக்கி வச்சேன். அது அப்படியே இருக்கு."

"ஆமா. பத்துல இருந்துச்சு. நான் பார்த்தேன்" என்றேன்.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். "பொண்ணு சொல்றதை நம்பலாமா?"

சீட்டை முட்டிக்கடியில் ஒளித்து வைப்பவள். பகடை தரையில் விழுந்தால் தனக்கு வேண்டிய எண்ணைச் சொல்பவள். அதையெல்லாம் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். விருந்தாளிகளிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறோம். அத்தான் வாயைத் திறந்து மூடினார்.

வக்கீல் தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். வாதாடவில்லை.

"நம்பலாம்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. இருந்தாலும் இன்னொரு படம் எடுத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

இந்த முறை பந்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்து நான்கு கைகள் அழுத்திப் பிடித்துக்கொண்டன. அவன் அலறல் நடைவழி முழுக்கக் கேட்டது. என் கடிகாரத்திலிருந்து பிரித்தெடுத்த காந்தத்தை, அவனை வெளியே அனுப்பிய பிறகு, தனியாகச் செங்குத்தாக வைத்து ஒரு படம் எடுத்தார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார் டாக்டர். ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"அதே தடிமன்தான். ஒண்ணுதான்" என்றார். "வீட்டுக்குப் போங்க. இரும்புச் சாமான் எதையும் அவன் கையில குடுக்காதீங்க. அது வெளிய வர்ற வரைக்கும் தினம் வந்து படம் எடுக்கணும். வாந்தி எடுத்தாலோ வயிறு கல்லாட்டம் ஆனாலோ உடனே ஓடி வாங்க."

அதன் பிறகு நாங்கள் காத்திருந்தோம். பயம் போய்விடவில்லை. வேறு வேலையில்லாமல் எங்களோடு உட்கார்ந்துகொண்டது. பந்து தும்மினால் நாலு பேர் திரும்பினோம். சிணுங்கினால் அக்கா அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. மறுபடி அமுக்கிப் பார்த்தாள். மறுநாள் எடுத்த படத்தில் புள்ளி கீழே இறங்கியிருந்தது. நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லக் கூப்பிட்டபோது முதலாளி நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்தப் பெட்டியை யார் கண்ணுலயும் படாம என் மேசைமேல கொண்டுவந்து வச்சுடும்மா" என்றார்.

அத்தான் ஒரு பழைய வடிகட்டியை எடுத்து வைத்துக்கொண்டார். "நான் படிச்ச படிப்புக்கு இப்படி ஒரு பதவி கிடைக்கும்னு நினைக்கலை" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

வக்கீல் பள்ளிக்குப் போனாள், வந்தாள். சாப்பிட்டாள். கேட்டால் தலையை ஆட்டினாள். பந்து இருக்கும் அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அவன் "க்கா, க்கா" என்று கையை நீட்டுவான்.

அதற்கு அடுத்த நாள் மாலை அது வந்தது. அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். "வந்துடுச்சு! என்னங்க, வந்துடுச்சு!" என்ற குரல் கேட்டது. அத்தான் வடிகட்டியைப் போட்டுவிட்டு டாக்டருக்குச் சொல்லக் கைபேசியைத் தேடி ஓடினார்.

நான் கூடத்துக்கு வந்தேன். வக்கீல் பள்ளிப் பையோடு நின்றிருந்தாள்.

"வந்துடுச்சா சித்தி?"

"வந்துடுச்சு. முழுசா. அவனுக்கு இனிமே ஒண்ணும் இல்லை."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. நானும் உட்கார்ந்தேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அது கீழ விழுந்துச்சுன்னு சொன்னேன்ல?"

"ம்."

"நான் குனிஞ்சு பார்த்தேன் சித்தி. தம்பி எடுத்துட்டான். வாய்ல போட்டுக்கிட்டான். நான் பார்த்தேன்." அவள் கை பையின் வாரை இறுக்கிக்கொண்டே இருந்தது. "கத்தினா நான் ஏமாத்தினது தெரிஞ்சுடும். நீங்க வர்ற சத்தம் கேட்டுச்சு. அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். வாயை மூடிக்கிட்டே சிரிச்சான்."

நான் அந்த வாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. நிமிர்ந்தேன். அக்கா ஈரக் கையோடு வாசலில் நின்றிருந்தாள். பந்து அவள் இடுப்பில் இருந்தான்.

அவள் முகத்தில் என்ன வரும் என்று நான் பயந்தேன். வக்கீலும் பார்த்துவிட்டாள். சுவரோடு சுவராக ஒடுங்கினாள்.

அக்கா ஒருமுறை கண்ணை இறுக்க மூடித் திறந்தாள். பிறகு வந்து மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்த பந்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"பிடி" என்றாள். "நல்லா பிடி. நழுவுறான் பாரு."

வக்கீல் பிடித்தாள்.